பால்மா ரின்னா, முட்டையா, மிட்வைஃப் மிஸ்ஸின்ட நேரமா: கைக்குழந்தையளுக்கெண்டு சேர்த்த காசை எங்க போடுறது

அம்மம்மாவின்ட ஆட்டைத் திவசத்துக்கு இந்த முறை அன்னதானத்தோட நிப்பாட்டாம கைக்குழந்தையளுக்கும் பால் குடுக்கிற தாய்மாருக்கும் உருப்படியா ஏதாவது செய்வம் எண்டு எங்கட குடும்ப வட்ஸப் குறூப்பில கதை தொடங்கினது, ரொறன்ரோ மாமா ஆக்கள், லண்டன் மச்சாள், வெள்ளவத்தையில இருக்கிற நாங்கள் எண்டு எல்லாரும் தங்கட தங்கட இடத்தில காசும் ஒதுக்கியாச்சு, ஆனா என்னத்துக்குச் செலவழிக்கிறது எண்டதில ஆளுக்கொரு யோசனை. பால்மா ரின் வாங்கிக் குடுப்பம் எண்டு ஒராள், தாய்மாருக்குச் சாப்பாட்டுப் பொதி எண்டு ஒராள், ஆஸ்பத்திரிக்கு தாய்ப்பால் எடுக்கிற பம்ப் மெஷின் எண்டு ஒராள், ஆபிரிக்காவில பிள்ளையள் பட்டினியால சாகுதுகள் யுனிசெஃபுக்கு அனுப்புங்கோ எண்டு ரொறன்ரோ மாமா. கோயில் சபையள், பழைய மாணவர் சங்கங்கள், ரொட்டரி, லயன்ஸ் எண்டு கொழும்பில தர்மக் காசு சேருற எல்லா இடத்திலயும் இதே கேள்விதான் ஓடுது. அதால நான் தேடிப் படிச்சதையும் கிளினிக் பக்கம் விசாரிச்சதையும் சேத்து எழுதுறன், உங்களுக்கும் உதவும்.

என்ட முடிவை முதலே சொல்லிப்போடுறன். காசு ரின்னுக்குப் போகக்கூடாது, தாய்க்குப் போகவேணும். தாய்க்கு எந்த வழியால போறது எண்டதிலதான் யோசிக்க நிறைய இருக்கு.

முதல் பால்மா. எல்லாருக்கும் உடன வாற யோசனை இதுதான், கடைக்குப் போனா வாங்கலாம், அடுக்கி வைக்கலாம், குடுக்கிறது கண்ணுக்குத் தெரியும். ஆனா கணக்கைப் பாருங்கோ. பிறந்ததில இருந்து ஆறு மாசம் மட்டும் ஒரு பிள்ளைக்கு முழுக்க பால்மாதான் எண்டா கிட்டத்தட்ட 20 கிலோ மா வேணும், 400 கிராம் பெட்டியில 50 பெட்டி. தர்மத்துக்குக் குடுக்கிற நாங்கள் ஒரு தாய்க்கு ரெண்டு பெட்டி குடுப்பம், மிஞ்சி மிஞ்சிப் போனா நாலு. மிச்சம் 46ஐ யார் வாங்குறது? இதில இன்னொரு விஷயம் இருக்கு, தாய்ப்பால் எண்டது பிள்ளை உறிஞ்ச உறிஞ்சத்தான் சுரக்கும், ஒரு நேரம் போத்தலைக் குடுத்தா அந்த நேரத்துக்குரிய பால் உடம்பில சுரக்காது, ரெண்டு மூண்டு கிழமை அப்பிடியே போனா தாய்க்கு உண்மையாவே பால் குறையும். நாங்கள் குடுத்த ரெண்டு பெட்டி முடியிற நேரம் பாத்து தாயின்ட பாலும் வத்திப் போயிருக்கும். அதுக்குப் பிறகு அந்தக் குடும்பம் பால்மாவை வாங்கியே ஆகவேணும், காசு இருந்தாலும் இல்லாட்டியும்.

மட்டக்குளியில ஒரு வாடகை அறையில நான் கண்டதைச் சொல்லுறன். புருசன் புறக்கோட்டையில மூட்டை தூக்குற ஆள், மூண்டு மாசப் பிள்ளை, யாரோ நல்ல மனசோட குடுத்த பெட்டி அடுப்படித் தட்டில வெறுமையா இருக்கு, அடுத்த பெட்டியை வாங்கி அரைவாசியில நிக்குது. அந்தத் தங்கச்சி போத்தல்ல தண்ணியை அளவுக் கோடு மட்டும் விட்டுட்டு மாவை கரண்டியால எடுத்து கத்தியால மட்டமாக்கி அதிலயும் கால்வாசியைத் திரும்ப பெட்டிக்குள்ள தட்டினா, ஏன் எண்டு கேக்க "சம்பளம் சனிக்கிழமைதான் அக்கா, அதுமட்டும் வரவேணும்" எண்டா. ஒரு சொட்டு மாவும் வீணாக்காம அவ்வளவு கவனமாத்தான் செய்யிறா. பிள்ளைக்குப் போறது வெள்ளைத் தண்ணி. வயிறு நிரம்பும், நிறை ஏறாது. போத்தலைக் கழுவுறதோ அந்தக் குடியிருப்பு முழுக்கப் பொதுவா இருக்கிற குழாயடியில, சுடுதண்ணி வைக்க காஸ் மிச்சம் பிடிக்கவேணும். இதில தாயில என்ன பிழை?

இது ஒரு வீட்டுக் கதை எண்டு நினைக்காதேங்கோ. இந்தோனேசியாவில யோக்யகர்த்தாவில 2006 மே மாசம் நிலநடுக்கம் வந்த நேரம் எல்லா நாட்டில இருந்தும் குழந்தைப் பால்மா வந்து குவிஞ்சது, பிறகு ஆராய்ஞ்சு பாத்தா இலவசப் பால்மா கிடைச்ச வீட்டுப் பிள்ளையளில வயித்தோட்டம் 25 வீதம், கிடைக்காத பிள்ளையளில 12 வீதத்துக்கும் குறைவு. ரெண்டு மடங்கு. குடுத்த ஆக்கள் எல்லாரும் இரக்கத்திலதான் குடுத்தவை. 2016 மேயில களனி கங்கை பெருகி கொலன்னாவ, வெல்லம்பிட்டிய பக்கம் வீடுகள் மூழ்கின நேரம் என்ன சாமான் சேர்த்தம் எண்டு கொழும்பில எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், வெள்ளத்தில நல்ல தண்ணியும் இல்லை, அடுப்பும் இல்லை, அந்த நேரத்தில ஒரு பிள்ளைக்குச் சுத்தமாக் கிடைக்கக்கூடிய ஒரே சாப்பாடு தாயின்ட பால், அந்த நேரம் பாத்து நாங்கள் போத்தலைக் கையில குடுக்கிறது எவ்வளவு ஆபத்து எண்டு யோசியுங்கோ. வெள்ள முகாமுக்கு உதவ விரும்பினா பால் குடுக்கிற தாய்க்கு மறைவா ஒரு மூலை, ஒரு கதிரை, குடிக்கத் தண்ணி, ரெண்டு நேரச் சாப்பாடு, இவ்வளவையும் உறுதிப்படுத்துங்கோ, அது எத்தினையோ பெட்டி பால்மாவை விடப் பெரிசு.

தாய்ப்பாலுக்குப் பதிலா விக்கிற சாமானுகளை விளம்பரப்படுத்துறதையும் தாய்மாருக்கு இலவச சாம்பிள் குடுக்கிறதையும் கட்டுப்படுத்த உலக சுகாதார சபை 1981இல ஒரு விதிமுறையை ஏத்துக்கொண்டது, இலங்கை அதைத் தன்ட சட்டத்துக்குள்ள கொண்டுவந்த முதல் நாடுகளில ஒண்டு. 1994இல அதே சபை ஆஸ்பத்திரி, கிளினிக் எண்டு சுகாதார சேவையின்ட எந்தப் பகுதிக்கும் இலவசமாவோ விலை குறைச்சோ பால்மா குடுக்கக்கூடாது எண்டும் தீர்மானம் போட்டது. அதால ஆஸ்பத்திரி வாட்டுக்குப் பால்மா கொண்டு போனா நேர்ஸ் வாங்கமாட்டா, வாங்கவும் கூடாது, அதுக்காக அவவோட கோவிக்காதேங்கோ.

பால்மா உண்மையாவே தேவைப்படுற பிள்ளையளும் இருக்கினம், அதை மறைக்கக்கூடாது. தாய் இறந்த பிள்ளை, புற்றுநோய் மருந்து எடுக்கிற தாயின்ட பிள்ளை, பாலில இருக்கிற கலக்ரோஸ் எண்ட சீனி ஒத்துவராத வருத்தத்தோட பிறந்த பிள்ளை. இப்பிடியான ஒரு பிள்ளைக்கு டொக்டர் எழுதித் தந்தா அந்த ஒரு பிள்ளையைக் கடைசி மட்டும் எடுங்கோ, ரெண்டு ரின் இல்லை, தேவைப்படுற மாசம் முழுக்க, மாவோட சேத்து காஸ், போத்தலுக்குப் பதிலா குடிக்கக் குடுக்கிற சின்னக் கப், கலக்கிற விதத்தைத் தமிழில சொல்லிக் குடுக்க ஒராள். நூறு பேருக்கு ரெண்டு ரெண்டா பிரிச்சுக் குடுக்கிறதிலும் பாக்க ஒரு பிள்ளையை முழுசா வளத்துவிடுறது எவ்வளவோ மேல்.

அடுத்தது தாய்க்குச் சாப்பாடு. இதில எனக்கு விருப்பம் கூட, ஆனா எதிர்பாக்கிறதைச் சரியா எதிர்பாக்கவேணும். தாய் மெலிஞ்சிருந்தா பால் வராது எண்டு எங்கட ஆக்கள் நினைக்கினம், அப்பிடியில்லை, உடம்பு தன்னை உருக்கியாவது பிள்ளைக்குப் பால் குடுக்கும். உருகுறது தாய். நாளுக்கு 500 கலோரி கிட்ட அவவுக்கு மேலதிகமா வேணும், அது கிடைக்காட்டி அவவின்ட இரத்தம், எலும்பு, அடுத்த பிள்ளைக்கு வேண்டிய பலம் எல்லாம் கரையும், பாலில சேருற விற்றமின் ஏ, அயடின் மாதிரி சில சத்துகளும் குறையும். எங்கட வீடுகளில பிள்ளை பெத்தவளுக்கெண்டு பால்சுறாப் புட்டும் உள்ளியும் முருங்கையிலையும் சரக்கும் போட்டுச் சமைச்சுக் குடுத்து ஓய்வாவும் வைச்சிருந்தது வெறும் சடங்கு இல்லை, பிள்ளை பெத்த பெண்ணுக்கு நல்ல சாப்பாடு முதல்ல போகவேணும் எண்டதை வீடு முழுக்க ஒத்துக்கொள்ளுற ஒரு ஏற்பாடு அது. பத்தியம் எண்டு சொல்லி மரக்கறி, பழம், தண்ணி கூடக் குறைக்கிற வீடுகளும் இருக்கு, அது வேண்டாத வேலை.

அரசாங்கத்தின்ட திரிபோஷா 1973இல தொடங்கினது, சோளமும் சோயாவும் சேத்த மா, கர்ப்பிணித் தாய்க்கும் பால் குடுக்கிற தாய்க்கும் நிறை குறைஞ்ச பிள்ளையளுக்கும் கிளினிக்கால குடுக்கிறது. 2022 நெருக்கடியில சோளம் இல்லாம அது தடைப்பட்ட நேரம் கிளினிக்குக்கு வந்து வெறுங்கையோட திரும்பின தாய்மார் எத்தினை பேர். அந்த இடைவெளியை நிரப்பப் பொதி குடுத்த ஆக்கள் நல்ல வேலைதான் செய்தவை. ஆனா பொதி எண்டா வீட்டுக்குப் போனவுடன பொதுப் பானைக்குள்ள போகும், மாமா மாமி பெரிய பிள்ளையள் எல்லாரும் சாப்பிட்ட பிறகுதான் தாய்க்கு, அது மனுச இயல்பு. அதுக்கு ரெண்டு வழி. ஒண்டு, பொதியை முழுக் குடும்பத்துக்கும் காணக்கூடியதா குடுக்கிறது. மற்றது, கிட்ட இருக்கிற கடையோட கதைச்சு மாசக் கணக்கு வைச்சு முட்டை, நெத்தலி, பயறு, கௌபி, பருப்பு எண்டு தாய் தானே வந்து கொஞ்சம் கொஞ்சமா எடுக்கிற மாதிரிச் செய்யிறது. பிரிஜ் இல்லாத வீட்டுக்கு ரெண்டாவதுதான் சரி. சீனியும் பிஸ்கட்டும் நூடில்ஸும் நிரப்பின பொதியைத் தயவுசெய்து சத்துணவுப் பொதி எண்டு சொல்லாதேங்கோ.

இந்த இடத்தில இலங்கையின்ட நிலைமையைச் சொல்லவேணும், முடிவே அதிலதான் இருக்கு. தாய்ப்பால் விஷயத்தில நாங்கள் உலகத்திலயே நல்ல இடத்தில இருக்கிறம். 2016 குடித்தொகை சுகாதார ஆய்வின்படி ஆறு மாசத்துக்குக் குறைஞ்ச பிள்ளையளில 82 வீதத்துக்கு தாய்ப்பால் மட்டும்தான், தாய்ப்பாலுக்கு ஆதரவான கொள்கையளையும் திட்டங்களையும் வைச்சு 2020இல 97 நாடுகளை ஒப்பிட்ட பட்டியல்ல 100க்கு 91 புள்ளியோட இலங்கை முதலாம் இடம். தாய்ப்பால் மட்டும் குடுக்கிறதில உலகச் சராசரி கிட்டத்தட்ட 48 வீதம், நைஜீரியாவில 2018 ஆய்வில 29 வீதம். அப்ப எங்கட பிள்ளையள் நல்லா இருக்கவேணும் எல்லோ? அதே 2016 ஆய்வு சொல்லுது அஞ்சு வயசுக்குக் கீழ 17 வீதம் வயசுக்கேத்த உயரம் இல்லை, 15 வீதம் உயரத்துக்கேத்த நிறை இல்லை, நுவரெலியா மாவட்டத்தில வளர்ச்சி குன்றின பிள்ளையள் 32 வீதம். பிள்ளையின்ட வளர்ச்சி விழுறது அனேகமா ஆறு மாசத்துக்குப் பிறகு, சோறு தீத்தத் தொடங்கின பிறகு. தாய்ப்பாலோட சேத்து என்ன குடுக்கிறம் எண்டதில. தண்ணியாக் கரைச்ச சோத்துக் கஞ்சி, ரஸ்க் நனைச்ச ரீ, பிளேன்ரீ கூட, இதுகளைக் கொட்டாஞ்சேனை முகத்துவாரம் பக்கமும் பாக்கலாம் தோட்டப் பக்கமும் பாக்கலாம். மீனும் முட்டையும் பருப்பும் பிள்ளைக்குச் செமிக்காது எண்டு வைச்சிருக்கினம்.

முட்டையைப் பத்தி நல்ல ஆராய்ச்சி இருக்கு. எக்குவடோரில 6 தொடக்கம் 9 மாசப் பிள்ளையளுக்கு நாளுக்கு ஒரு முட்டை, ஆறு மாசம் குடுத்துப் பாத்தவை, 2017இல வெளியான முடிவில வளர்ச்சி குன்றல் 47 வீதத்தால குறைஞ்சது. அதையே மலாவியில செய்ய உயரத்தில பெரிய வித்தியாசம் வரேல்லை, அங்க ஏரிக்கரைப் பிள்ளையள் முதலே மீன் சாப்பிடுறவை, வளர்ச்சி குன்றினவையும் அந்த இடத்தில குறைவு. அப்ப முட்டை எல்லா இடத்திலயும் ஒரே மாதிரி வேலை செய்யாது, ஏற்கனவே மீனோ இறைச்சியோ கிடைக்காத பிள்ளைக்குத்தான் அதின்ட பலன் கூட. வீடு வீடா வந்து தாய் பிள்ளையைப் பாக்கிற அரசாங்க மிட்வைஃபின்ட கையில எந்தப் பிள்ளையின்ட நிறைக்கோடு கீழ போகுது எண்ட பட்டியல் இருக்கு, அந்தப் பிள்ளையளுக்கு முட்டை எண்டா காசு சரியான வாய்க்குள்ள போகும். ஊர் முழுக்க ஒரு நாளைக்கு முட்டை விநியோகம் எண்டா ஃபோட்டோ நல்லா இருக்கும், அவ்வளவுதான்.

ஃபோட்டோ எண்டதும் ஒண்டு சொல்லவேணும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிக்கிற தாயின்ட கையில பொதியைக் குடுத்துப் படம் எடுத்து முகத்தோட ஃபேஸ்புக்கில போடாதேங்கோ. அந்தப் பிள்ளை நாளைக்குப் பள்ளிக்கூடம் போகும். வெளிநாட்டில இருந்து காசு அனுப்பினவைக்குக் கணக்கும் பில்லும் காட்டுங்கோ, அது போதும்.

இனி தாய்மாருக்குக் குடுக்கிற தாய்ப்பால் ஆலோசனை. குறூப்பில ஆருக்கும் பிடிக்காத யோசனை இது, "சும்மா கதைக்கிறதுக்கு ஏன் காசு" எண்டு மாமா கேட்டவர். பங்களாதேஷில 2010க்கும் 2014க்கும் இடையில பிராக் நிறுவனமும் அலைவ் அண்ட் த்ரைவ் திட்டமும் சேந்து செய்த வேலையைப் பாருங்கோ. ஊரில இருக்கிற பெண்களையே பழக்கி வீடு வீடாத் திரும்பத் திரும்ப அனுப்பினவை, டிவியிலயும் போட்டவை, ஊர்ப் பெரியாக்களோடயும் கதைச்சவை. தீவிரமாச் செய்த இடங்களில தாய்ப்பால் மட்டும் குடுக்கிறது 48 வீதத்தில இருந்து 88 வீதத்துக்கு ஏறினது, வழமையான சேவை மட்டும் இருந்த இடங்களில 51இல இருந்து 54தான். இது முழுக்க ஆக்களின்ட நேரத்துக்குக் குடுத்த காசு, ஒரு பெட்டி மா வாங்கேல்லை. தாய்ப்பால் எல்லா இடத்திலயும் சரியாக் குடுபட்டா வருசத்துக்கு 8 லட்சத்துக்கு மேல குழந்தை மரணத்தைத் தடுக்கலாம் எண்டு 2016இல லான்செட் சஞ்சிகை கணக்குப் போட்டது.

அந்த "கதைக்கிறது" என்ன எண்டு ஒருக்கா கிட்ட நிண்டு பாத்தா விளங்கும். பெத்து அஞ்சாம் நாள், பிள்ளை கத்துது, தாய்க்கு முலைக்காம்பு வெடிச்சு இரத்தம், மாமியார் "பால் பத்தேல்லை, மா குடு" எண்டு நிக்கிறா. மிட்வைஃப் மிஸ் வந்து கதிரையில முதுகுக்குத் தலையணை வைச்சு தாயை நிமித்தி இருத்தி, பிள்ளையின்ட வயிறு தாயின்ட வயித்தோட முட்டத் திருப்பி, கீழ்ச்சொண்டை காம்பால தடவி வாயை நல்லா ஆவெண்ட விட்டு, அந்த நேரம் பாத்து பிள்ளையைத் தன்ட கையால கிட்டக் கொண்டு போறா, காம்பு மட்டும் இல்லாம சுத்திவர இருக்கிற கறுப்பும் வாய்க்குள்ள போகுது, நாடி மார்பில முட்டுது, கீழ்ச்சொண்டு வெளியால மடிஞ்சிருக்கு. ரெண்டு நிமிசத்தில பிள்ளை விழுங்குற சத்தம் கேக்குது. தாய் முதல்முறை முகத்தைச் சுழிக்காம இருக்கிறா. பிறகு மிஸ் மாமியாரைப் பாத்து "ஒரு நாளைக்கு ஆறு தரமாவது மூத்திரம் போகுதெண்டா பால் காணும் அம்மா, எண்ணிப் பாருங்கோ" எண்டு ஒரு வேலையும் குடுத்துட்டுப் போறா. அரை மணித்தியாலம். அந்த அரை மணித்தியாலத்தில 20 கிலோ பால்மாவின்ட தேவை இல்லாமப் போச்சு.

ஆனா ஒரு மிட்வைஃபுக்கு ஆயிரக்கணக்கில சனம் பொறுப்பு, கொழும்பு மாதிரி நெருக்கமான இடத்தில எல்லா வீட்டுக்கும் அஞ்சாம் நாள் போய்ச் சேர ஏலாது. இன்னொரு பிரச்சினையை ஒருத்தரும் கதைக்கிறேல்லை, பாஷை. கொச்சிக்கடை, கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ் பக்கம் தமிழ் மட்டும் தெரிஞ்ச தாய்மார் எத்தினையோ பேர், வீடுகளில வேலைக்கெண்டு மலையகத்தில இருந்து வந்து கலியாணம் கட்டி இங்கயே இருந்திட்டவையும் அதுக்குள்ள, சிங்களம் மட்டும் தெரிஞ்ச மிஸ் நல்லாத்தான் சொல்லுவா, ஆனா வெக்கமான விஷயத்தை அரைகுறைப் பாஷையில ஒரு பிள்ளை பெத்தவள் திரும்பிக் கேப்பாளா? தலையாட்டிட்டு வீட்டுக்குப் போய் பிள்ளைக்குக் கொத்தமல்லித் தண்ணியைக் குடுப்பாள். ஆறு மாசம் மட்டும் தண்ணி கூட வேண்டாம் எண்டதை அவளுக்கு விளங்குற பாஷையில ஒருத்தர் சொல்லவேணும். எங்கட காசு இங்கதான் நல்லா வேலை செய்யும் எண்டு நான் நம்புறன். ஏற்கனவே பிள்ளை வளத்த, தமிழும் சிங்களமும் தெரிஞ்ச ரெண்டு மூண்டு பெண்களை எம்.ஓ.எச் (பிரதேச சுகாதார வைத்திய அதிகாரி) ஒஃபிஸின்ட சம்மதத்தோட பழக்கி, அவைக்கு மாசச் சம்பளமும் பஸ் காசும் குடுத்து, மிஸ் சொல்லுற வீடுகளுக்கு அனுப்பலாம். அவை மருந்து சொல்லப் போறேல்லை, பக்கத்தில இருந்து பிள்ளையைப் பிடிக்க வைக்கவும், பால் கட்டிப் போச்செண்டா என்ன செய்யிறது எண்டு காட்டவும், காய்ச்சல் எண்டா கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போகவும் தான். சம்பளம் இல்லாம சேவையாச் செய்யட்டும் எண்டு கேக்காதேங்கோ, அந்தப் பெண்களுக்கும் அடுப்பெரியவேணும்.

பம்ப் மெஷின், பால் வங்கி எண்டதுகளைச் சுருக்கமாச் சொல்லுறன். பால் வங்கி நல்ல விஷயம், ஆனா வேற தாயின்ட பாலை 62.5 பாகையில 30 நிமிசம் சூடாக்கி, சோதிச்சு, குளிரில வைச்சு, வருசா வருசம் ஆக்களும் கரண்டும் வேணும், குடும்பக் காசில தூக்குற வேலை இல்லை. பம்புக்கும் ஒவ்வொரு தரமும் கிருமி நீக்கவேணும், ஒரு பாகம் உடைஞ்சா மூலைக்குள்ள போயிடும். ஆஸ்பத்திரிக்குத்தான் குடுக்கவேணும் எண்டு மனசு சொன்னா மாசம் நிறையாமப் பிறந்த பிள்ளையளின்ட வாட்டில தாய் சாஞ்சு இருக்கக்கூடிய நல்ல கதிரை, பிள்ளையை நெஞ்சோட கட்டுற துணி, இதைக் கேட்டுப் பாருங்கோ. 1978இல கொலம்பியாவின்ட பொகோட்டாவில இன்கியூபேற்றர் பத்தாமத் தொடங்கின கங்காரு முறை அது, கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தன்சானியா ஆஸ்பத்திரியளில பிறந்த உடனேயே தொடங்கிப் பாத்து 2021இல வந்த முடிவில சின்னப் பிள்ளையளின்ட மரணம் 25 வீதத்தால குறைஞ்சது. கதிரைக்கு சேர்விஸ் தேவையில்லை.

வேலைக்குப் போற தாயைத்தான் தர்மம் செய்யிற ஆக்கள் மறந்து போறது. சட்டப்படி பிரசவ லீவு 84 நாள், பிள்ளைக்குத் தாய்ப்பால் மட்டும் குடுக்கவேண்டியது ஆறு மாசம், நடுவில இருக்கிற இடைவெளியிலதான் போத்தல் உள்ள வருது. காலி வீதியில ஒரு சீலைக்கடையில வேலை செய்யிற பிள்ளை, ஊர் ஹற்றன் பக்கம், பின்னேரம் மூண்டு மணிக்கு சட்டை நனைஞ்சு போய் ரொய்லட்டுக்குள்ள நிண்டு பாலைப் பிழிஞ்சு கழுவுத்தொட்டியில ஊத்துறதை நான் கண்டன், அங்கால வீட்டில அவளின்ட பிள்ளைக்கு பால்மா கரைக்கினம். அந்தக் கடைக்குத் தேவைப்பட்டது ஸ்ரோர் ரூமில ஒரு திரை, கதிரை, சின்ன பிரிஜ்ஜில ஒரு தட்டு. பிழிஞ்ச பால் வெளியில நாலு மணித்தியாலம், பிரிஜ்ஜில நாலு நாள் நிக்கும். தோட்டம், தொழிற்சாலையளுக்கான மகப்பேற்று நன்மைச் சட்டத்தில பிள்ளைக்கு ஒரு வயசு மட்டும் நாளுக்கு ரெண்டு தரம் பால் குடுக்க நேரம் விடவேணும் எண்டு இருக்கு, பிள்ளைக்காம்பரா (வேலை நேரத்தில பிள்ளையளைப் பாக்கிற இடம்) இருந்தா அரை மணித்தியாலம், இல்லாட்டி ஒரு மணித்தியாலம். மலையகத்தில பிள்ளைக்காம்பரா கொழுந்து எடுக்கிற மலையில இருந்து எவ்வளவு தூரம் எண்டதைப் பொறுத்துத்தான் அந்த அரை மணித்தியாலம் உண்மையாக் கிடைக்குதா இல்லையா எண்டது.

கடைசியா வெளிநாட்டுக்கு அனுப்புறது. மாமா கேட்டதில நியாயம் இருக்கு, மறுக்கேல்லை. கடுமையா மெலிஞ்ச பிள்ளைக்குக் குடுக்கிற கச்சான் (நிலக்கடலை) பசை ஒரு பக்கெட் 92 கிராம், 500 கலோரி, கலக்கத் தண்ணியும் வேண்டாம் அடுப்பும் வேண்டாம், ஒரு பெட்டியில 150 பக்கெட், ஒரு பிள்ளையை ஆறு எட்டுக் கிழமையில மீட்டெடுக்க 40, 50 டொலர் கிட்ட, உலகத்தில கூடுதலா வாங்கி அனுப்புறது யுனிசெஃப்தான். உயிரைக் காப்பாத்துற கணக்கில இதோட போட்டி போட கொழும்பில நாங்கள் செய்யிற எதாலயும் ஏலாது. தாய்ப்பால் ஆலோசனைக்கும் அப்பிடித்தான், 82 வீதத்தில நிக்கிற நாட்டில மேல தூக்குறதை விட 29 வீதத்தில நிக்கிற நாட்டில தூக்குறது கனக்கப் பிள்ளையளுக்குப் போய்ச் சேரும், மேற்கு ஆபிரிக்காவில வெயிலுக்குத் தாகம் எண்டு பச்சைப் பிள்ளைக்குத் தண்ணி குடுக்கிறதை நிப்பாட்ட 2019இல இருந்து யுனிசெஃப் ஆக்கள் பெரிய வேலை செய்யினம், எங்கட கொத்தமல்லித் தண்ணியின்ட அதே கதைதான். ஆனா எங்களால அங்க போய்ப் பாக்க ஏலாது, காசை மட்டும்தான் குடுக்கலாம். இங்க எங்களிட்ட காசோட பாஷையும் இருக்கு, ஆக்களும் இருக்கினம், ஒழுங்கை ஒழுங்கையாத் தெரிஞ்ச பழக்கமும் இருக்கு, அதை ஆபிரிக்காவுக்கு அனுப்ப முடியாது.

அதால நான் குறூப்பில சொன்னது இதுதான். கனடா, லண்டன் காசு அங்கயே இருக்கட்டும், அங்க பதிஞ்ச தொண்டு நிறுவனத்துக்கு அவையே நேரா குடுத்தா வரிச்சலுகையும் கிடைக்கும், அதைக் கச்சான் பசைக்குக் குடுங்கோ, கொழும்புக்கு அனுப்பித் திரும்ப வெளிய அனுப்புறது வீண் செலவு. இங்க சேர்ந்த காசில பெரும்பங்கு வீட்டுக்குப் போற பெண்களின்ட சம்பளத்துக்கு, அடுத்த பங்கு மிஸ்ஸின்ட பட்டியல்ல இருக்கிற ஆறு மாசம் தொடக்கம் ரெண்டு வயசுப் பிள்ளையளின்ட முட்டைக்கும் தாயின்ட கடைக் கணக்குக்கும், மிச்சத்தில ஒரு கடைக்காவது திரையும் கதிரையும். பால்மாவுக்கு ஒரு சதமும் ஒதுக்கேல்லை, டொக்டர் எழுதித் தாற பிள்ளை வந்தா அதுக்குத் தனியாச் சேர்ப்பம்.

மாமாவுக்கு முழுத் திருப்தி இல்லை, ஆனா ஓம் எண்டிட்டார். அடுத்த கிழமை கிளினிக் நாள் இல்லாத ஒரு நாளாப் பாத்து எம்.ஓ.எச் ஒஃபிஸுக்கு கடிதத்தோட போறம், கிளினிக் நாளில போனா நிறை பாக்க வந்து நிக்கிற தாய்மாரின்ட நேரத்தை நாங்கள் எடுக்கிறதாப் போயிடும். திவசத்துக்கு ஒரேயடியாக் குடுத்து முடிக்காம மாசா மாசம் பாங்க்கில இருந்து போற மாதிரி எழுதிக் குடுங்கோ எண்டு இங்க இருக்கிற எல்லாரிட்டயும் கேட்டிருக்கிறன், சம்பளம் வாங்குற பெண்ணுக்கும் முட்டைக்கடைக்காரருக்கும் ஒரு வருசத்துக்குச் சொன்ன சொல்லில நிக்கவேணும்.